செவ்வாய், வெள்ளி, பெரிய எழுத்து

தாணுமாலையனின் அலுவலகத்துக்கு வருகிற பெண்களில் பாதிப் பேர், கணவன் எங்கே போகிறான் என்று கண்டுபிடித்துத் தரச் சொல்வார்கள். கௌசல்யா, கணவர் வீட்டுக்கு வருகிறாரா என்று கண்டுபிடித்துத் தரச் சொன்னாள். அவர் இறந்து எட்டு மாதம் ஆகியிருந்தது.

அது 2002 ஜூன், ஒரு புதன்கிழமை. திருவனந்தபுரத்தில் காலையிலிருந்தே மழை விடவில்லை. ஆரியசாலையில் மிளகாய் வத்தல் மொத்தக் கடை ஒன்றின் மாடியில் தாணுமாலையனின் அலுவலகம். கீழே மூட்டை பிரித்தால் மேலே தும்மல் வரும். வருகிறவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டால் அது கவலையா காரமா என்று தனக்கு இன்றுவரை பிரிக்கத் தெரியவில்லை என்பாள் அவருடைய உதவியாளர் எலிசாள்.

எலிசாள் விழிஞ்ஞம் கடற்கரைக்காரி. வயது நாற்பது. டைப் அடிக்க வந்தவள், ஆறு வருஷத்தில் கம்ப்யூட்டரைக் கழற்றி மாட்டுகிற அளவுக்குத் தேறிவிட்டாள். தாணுமாலையன் போலீஸ் இலாகாவில் இருபத்திரண்டு வருஷம் புகைப்படக்காரராக இருந்தவர். எதைப் பார்த்தாலும் ஒரு கண்ணைச் சுருக்கிப் பார்க்கிற பழக்கம் அங்கே வந்தது. அதைப் பார்த்து, சார் நம்மைச் சந்தேகப்படுகிறார் என்று நினைத்துக்கொண்டு சில பேர் தாமாகவே உண்மையைச் சொல்லிவிடுவதும் உண்டு.

கௌசல்யா அப்படி எதுவும் பயப்படவில்லை. ஈரக் குடையைச் சுவரோரம் சாய்த்துவிட்டு, ஆபீசில் குறிப்பு எழுதுகிறவளின் நிதானத்தோடு வரிசையாகச் சொன்னாள். பாளையத்தில் ஒரு சர்க்கார் ஆபீசில் அவளுக்கு வேலை. வீடு மணக்காட்டில், ஒரு மாடிப் போர்ஷன். கணவர் லிங்கராஜ், இதே ஆரியசாலையில் செல்வகணேஷ் என்கிற நண்பரோடு சேர்ந்து டி.டி.பி. சென்டர் நடத்தினார். தமிழிலும் மலையாளத்திலும் கல்யாண அழைப்பிதழ், நோட்டீஸ், விசிட்டிங் கார்டு. டைப் அடிப்பது செல்வகணேஷ். வடிவமைப்பதும் பிழை பார்ப்பதும் லிங்கராஜ்.

நாற்பது வயதில் லிங்கராஜின் கண் மங்கத் தொடங்கியது. ஓரங்கள் முதலில் போயின. டாக்டர்கள் இது நிற்காது, மெதுவாகப் போய்க்கொண்டேதான் இருக்கும் என்று சொன்னார்கள். வீட்டுக் கம்ப்யூட்டரில் எழுத்தெல்லாம் யானை மாதிரித் தெரிகிற அளவுக்குத் திரையின் அளவை அவர் மாற்றி வைத்துக்கொண்டார். போன அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நண்பர்கள் இரண்டு பேரும் பொன்முடி மலைக்குப் போனார்கள். திரும்புகிற வழியில் கல்லாற்றங்கரையில் இறங்கினார்கள். லிங்கராஜ் பாறையில் வழுக்கி ஆற்றுக்குள் விழுந்துவிட்டார். மறுநாள் மத்தியானம்தான் உடல் கிடைத்தது.

கோயம்புத்தூரில் இன்ஜினியரிங் படிக்கிற மகள் ஸ்ரீப்ரியா கிறிஸ்துமஸ் லீவுக்கு வந்தபோது, அப்பாவின் பெரிய எழுத்தைச் சின்னதாக மாற்றி, அம்மாவுக்கு ஈ-மெயில் அனுப்பக் கற்றுக்கொடுத்துவிட்டுப் போனாள். ஜனவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை சாயந்திரம் கௌசல்யா கம்ப்யூட்டரைப் போட்டாள். திரையில் யானை எழுத்து.

மெக்கானிக் மூன்று முறை வந்தான். முதல் முறை திரையை இயக்குகிற மென்பொருளை அழித்துப் புதிதாக ஏற்றினான். இரண்டாவது முறை டிஸ்ப்ளே கார்டை மாற்றினான். மூன்றாவது முறை வைரஸ் தேடினான், உள்ளே இருக்கிற பேட்டரியை மாற்றினான், திரையின் கேபிளை ஸ்க்ரூ டிரைவர் வைத்து இறுக்கினான். ஒவ்வொரு தடவையும் இரண்டு மூன்று நாள் ஒழுங்காக இருக்கும். பிறகு ஒரு நாள் போட்டால் பெரிய எழுத்து. கடைசியில் அவன், சேச்சி, இது மெஷினின் கோளாறு அல்ல என்று சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் படியிறங்கிப் போய்விட்டான்.

"எந்தெந்த நாள்ல மாறுது?" என்று கேட்டார் தாணுமாலையன்.

"செவ்வாய். இல்லைன்னா வெள்ளி."

எலிசாள் எழுதுவதை நிறுத்தினாள். கௌசல்யா அதைப் பார்த்தாள். ஆனால் குரல் மாறவில்லை.

"எனக்குப் பயமில்ல சார். அதைத்தான் யாரும் நம்ப மாட்டேங்காங்க. சாயந்திரம் வந்து சிஸ்டத்தைப் போடுவேன். எழுத்து பெருசா இருந்தா, அவரு வந்துட்டுப் போயிருக்காரு. நான் திரும்பச் சின்னதாக்கி வைப்பேன். அப்பதானே அடுத்த தடவை வந்தாருன்னா எனக்குத் தெரியும்."

இப்போது அவள் வந்ததற்குக் காரணம் கணவரின் அண்ணன் பகவதிப்பெருமாள். விஷயம் எப்படியோ அவர் காதுக்குப் போய்விட்டது. வருகிற ஞாயிற்றுக்கிழமை ஒரு மந்திரவாதிக்குச் சொல்லியிருந்தார். அறையைக் கழுவி, கம்ப்யூட்டரைத் தூக்கிக் கொண்டுபோய்விடுவதாக ஏற்பாடு. அதற்குள் தனக்குத் தெரிந்தாக வேண்டும் என்றாள் கௌசல்யா. வருவது அவர்தான் என்றால் யார் வந்தாலும் அந்த அறையைத் தொட விடமாட்டாள். அவர் இல்லை என்றால், எடுத்துக்கொண்டு போகட்டும்.

அவள் படியிறங்கிய பிறகு எலிசாள் சொன்னாள்:

"செத்தவரைப் பின்தொடரணும்னா நமக்கு யூனிஃபார்ம் வேற வேணும் சார். வெள்ளைச் சேலை."

தாணுமாலையன் சிரிக்கவில்லை. குடையை எடுக்கச் சொன்னார்.

*

மணக்காட்டு வீட்டின் அந்த அறை சின்னது. ஒரு மேஜை, ஒரு மரநாற்காலி, கம்ப்யூட்டர், சுவரில் ஒரு காலண்டர். நாற்காலி முதுகில் ஒரு துண்டு தொங்கியது. யாரும் அதை எடுக்கவில்லை என்று தெரிந்தது. மழை வெளிச்சத்தில் அணைந்திருந்த திரை, மூடியிருக்கிற கண் போல இருந்தது. எலிசாள் சிலுவை போட்டுக்கொண்டாள். பிறகு, கொசு என்று சொன்னாள்.

தாணுமாலையன் கம்ப்யூட்டரைத் தொடவில்லை. காலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றார். திரை மாறிய நாள்களைக் கௌசல்யா பென்சிலால் வட்டமிட்டிருந்தாள். ஆறு மாதத் தாள்களையும் புரட்டினார். எல்லாம் செவ்வாய், வெள்ளி. ஒவ்வொரு வாரமும் இல்லை. ஆனால் வேறு கிழமையில் ஒன்றுகூடக் கிடையாது. மார்ச்சில் ஒரு செவ்வாய்க்கிழமையில் மட்டும் வட்டமிட்டு அழித்திருந்தது. அன்றைக்கு என்ன என்று கேட்டார். அன்று ஹர்த்தால், பஸ் ஓடவில்லை, ஆபீஸ் போகவில்லை, அவர் வருவார் என்று முன்கூட்டியே வட்டமிட்டுவிட்டு நாள் முழுக்க இந்த அறையிலேயே காத்திருந்ததாகக் கௌசல்யா சொன்னாள். அவர் வரவில்லை.

"ஹர்த்தாலுக்கு ஆவியும் கடையடைச்சிருக்கு," என்று எலிசாள் முணுமுணுத்தாள்.

ஏப்ரலில் இரண்டு வாரம் ஒரு வட்டமும் இல்லை. அதற்குக் கௌசல்யாவுக்குக் காரணம் தெரியவில்லை. அந்த இரண்டு வாரமும் தூக்கமே வரவில்லை என்பது மட்டும் ஞாபகம் இருந்தது. காப்பி போடுவதாகச் சொல்லி அவள் அடுக்களைக்குப் போனதும், தாணுமாலையன் கீழே இறங்கிப் போய் வீட்டுக்காரி உலகம்மாளிடம் மழையைப் பற்றி விசாரித்தார். பேச்சோடு பேச்சாக, கோயிலுக்குப் போகும் வழக்கமுண்டா என்றும் கேட்டார். செவ்வாயும் வெள்ளியும் பத்து மணிக்கு வீட்டைப் பூட்டிக்கொண்டு ஆற்றுக்கால் கோயிலுக்குப் போய்விடுவேன், வர மத்தியானம் ஆகும், வந்து சாப்பிட்டுப் படுத்தால் நாலு மணிக்குத்தான் எழுந்திருப்பேன் என்றாள் உலகம்மாள். ஏப்ரலில் மட்டும் முட்டுவலி வந்து இரண்டு வாரம் கோயிலுக்குப் போகவில்லையாம்.

மேலே வந்தவர் எலிசாளின் காதருகே குனிந்தார்.

"செவ்வாய், வெள்ளி ஆவிக்கு உகந்த நாள் இல்ல. உலகம்மாளுக்கு உகந்த நாள். கீழ் வீடு பூட்டிக் கிடக்கிற நாள்ல ஆள் வருது."

ஆள் வந்து ஏன் எழுத்தைப் பெரிதாக்கிவிட்டுப் போக வேண்டும் என்று எலிசாள் கேட்டாள். அவர் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினார். மேஜைக்குப் பின்னால் போய் முழங்காலிட்டு ஒரு கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். மெக்கானிக் ஸ்க்ரூ டிரைவர் வைத்து இறுக்கியதாகச் சொன்ன கேபிள், இரண்டு விரலால் திருகியதும் கையோடு வந்தது. அதை யாரோ கழற்றிவிட்டு விரலால் மாட்டியிருக்கிறார்கள்.

இனி எலிசாளின் வேலை. கம்ப்யூட்டர் எழும்போதே ஒரு விசையை அழுத்தி, சேஃப் மோடு என்கிற நிலையில் அதைத் திறந்தாள். நோயாளிக்குக் கஞ்சி மட்டும் கொடுக்கிற மாதிரி, அவசியமானதை மட்டும் வைத்துக்கொண்டு கம்ப்யூட்டர் எழுந்திருக்கிற நிலை அது. சாதாரணமாக மறைத்து வைக்கிற பட்டியலையும் அப்போது காட்டிவிடும். இதுவரை தன்னோடு சேர்த்து மாட்டப்பட்ட சாமான்கள் எல்லாவற்றின் பெயரும் அதில் இருக்கும். மானிட்டர் என்கிற தலைப்பை அவள் திறந்தாள். கீழே இரண்டு பெயர்கள் இருந்தன.

காப்பியோடு வந்த கௌசல்யாவிடம் தாணுமாலையன் சாதாரணமாகக் கேட்டார். இந்த வீட்டில் எப்போதாவது வேறு மானிட்டர் இருந்ததா, மெக்கானிக் வேறு மானிட்டர் கொண்டுவந்து மாட்டிப் பார்த்தானா? இல்லை என்றாள் அவள். வாங்கிய நாளிலிருந்து இந்த ஒன்றுதான்.

அவள் தட்டை எடுத்துக்கொண்டு திரும்பிப் போகும்வரை காத்திருந்துவிட்டு அவர் மெல்லச் சொன்னார்:

"நாம எல்லாரும் இந்தத் திரை தன் அளவை மறந்துபோகுதுன்னு நினைச்சோம். அது மறக்கல எலிசா. இந்த சி.பி.யூ. பெட்டி வேற எங்கேயோ போய், வேற ஒரு பழைய திரையோட சேர்ந்து ஓடிட்டு வருது. அந்தத் திரைக்குச் சின்ன எழுத்து தாங்காது. அதுக்காக இது தானே இறங்கிக் கொடுக்குது. அந்த ஞாபகத்தோட வீட்டுக்கு வருது."

கம்ப்யூட்டர் எழுந்து நடந்து போகிறது என்பதைவிட ஆவியே தேவலை என்றாள் எலிசாள். ஆனால் அவளுடைய முகம் அடுக்களைப் பக்கம் திரும்பியிருந்தது. இதை அந்தம்மாவிடம் யார் சொல்வது என்று கேட்டாள்.

வெள்ளிக்கிழமைவரை யாரும் சொல்ல வேண்டாம் என்றார் தாணுமாலையன். கௌசல்யாவிடம், வழக்கம்போல ஆபீஸ் போங்கள் என்று மட்டும் சொன்னார்.

*

வெள்ளிக்கிழமை காலை ஒன்பதே முக்காலிலிருந்து எதிர்ச் சாயாக்கடை பெஞ்சில் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். பத்துக்கு உலகம்மாள் குடையோடு கிளம்பினாள். பத்தேகாலுக்கு ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. மழைக்கோட்டு போட்ட ஒருவன் இறங்கி, அக்கம்பக்கம் பார்க்காமல், வீட்டு மனிதன் போலப் படியேறினான். பையிலிருந்து சாவி எடுத்துத் திறந்தான். ஐந்தே நிமிஷம். பிளாஸ்டிக் ஷீட்டில் சுற்றிய பெட்டியைக் குழந்தையைத் தூக்குவது போல மார்போடு சேர்த்துக்கொண்டு இறங்கினான். அதை ஸ்கூட்டரின் கால் வைக்கிற இடத்தில் வைத்தான். தொப்பியை விலக்கி முகத்தைத் துடைத்துக்கொண்டபோதுதான் ஆள் தெரிந்தது.

எலிசாளுக்கு அவனைத் தெரியும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் தாணுமாலையனின் விசிட்டிங் கார்டில் துப்பறியும் நிபுணர் என்பதைத் துப்புரவு நிபுணர் என்று அச்சடித்துக் கொடுத்த கடை அவனுடையது. அன்று முழுக்க எலிசாள் விளக்குமாற்றை அவர் மேஜைமேல் வைத்திருந்தாள்.

"செல்வகணேஷ்," என்றாள் இப்போது. சிரிப்பு வரவில்லை.

ஆட்டோவில் பின்தொடர்ந்தார்கள். அவன் அட்டக்குளங்கரை வழியாக நேரே ஆரியசாலைக்குத்தான் போனான். டி.டி.பி. சென்டரின் முன்னறையில் இரண்டு பெண்கள் டைப் அடித்துக்கொண்டிருந்தார்கள். பெட்டி பின்னறைக்குப் போயிற்று. அழைப்பிதழ் மாதிரி பார்க்க வந்தவர்கள் போல உள்ளே நுழைந்து, அந்தப் பெண்கள் என்ன என்று கேட்பதற்குள் தாணுமாலையன் பின்னறைக் கதவைத் தள்ளினார்.

காகிதக் கட்டுகளுக்கு நடுவே ஒரு பழைய பதினாலு இஞ்ச் மானிட்டர் இருந்தது. அதில் யானை எழுத்து. அதன் முன்னால் மழைக்கோட்டைக்கூடக் கழற்றாமல் செல்வகணேஷ் உட்கார்ந்திருந்தான். அவன் பக்கத்தில் ஒரு நோட்டு. பக்கம் பக்கமாகக் கோப்புகளின் பெயரை எழுதி, பார்த்து முடித்ததை ஒவ்வொன்றாக அடித்திருந்தான்.

அவன் ஓடவில்லை, மறுக்கவும் இல்லை. கௌசல்யா அனுப்பினாளா என்று மட்டும் கேட்டான். ஆமாம் என்றதும், உட்கார்ந்த இடத்திலேயே சரிந்து சுவரில் சாய்ந்துகொண்டான்.

தாணுமாலையன் கதவைச் சாத்தினார். எதை அழிக்கப் பார்க்கிறாய் என்று கேட்டார்.

அழிப்பதற்கு இல்லை, படிப்பதற்கு என்றான் செல்வகணேஷ். பிறகு எட்டு மாதமாக யாரிடமும் சொல்லாததை, தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

லிங்கராஜின் கண்ணால் கடையில் பிழைகள் வர ஆரம்பித்திருந்தன. ஒரு கல்யாண அழைப்பிதழில் மாப்பிள்ளையின் அப்பா பெயருக்கு முன்னால், உயிரோடு இருக்கிற மனுஷருக்கு, காலஞ்சென்ற என்று விழுந்துவிட்டது. அந்த வீட்டார் கடைக்கு வந்து சத்தம் போட்டார்கள். இனிமேல் நீ கடைக்கு வர வேண்டாம் என்று நண்பனிடம் சொல்வதற்குச் செல்வகணேஷ் ஒரு இடம் தேடினான். அதற்காகத்தான் பொன்முடி. மலையில் சொல்ல வாய் வரவில்லை. இறங்கும்போது கல்லாற்றங்கரையில் சொல்லிவிட்டான்.

லிங்கராஜ் கோபப்படவில்லை. கொஞ்ச நேரம் தண்ணீர்ச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு சொன்னார்: "எல்லாம் எழுதி வச்சிருக்கேன்டே. வீட்டுக் கம்ப்யூட்டர்ல இருக்கு. பாத்தா உனக்கே புரியும்." பர்சையும் சாவிக்கொத்தையும் செல்வகணேஷின் கையில் கொடுத்துவிட்டு, கால் கழுவிவிட்டு வருகிறேன் என்று பாறையில் இறங்கினார். செல்வகணேஷ் திரும்பி நின்று பீடி பற்றவைத்தான். திரும்பிப் பார்த்தபோது பாறையில் ஆள் இல்லை.

"வழுக்கிட்டான்னு போலீஸ்ல சொன்னேன். மைனிகிட்டயும் அதான் சொன்னேன். ஆனா நான் பாக்கல சார். விழுந்தானா, இறங்கிப் போனானான்னு எனக்குத் தெரியாது. சாவியைக் குடுத்துட்டுப் போற மனுஷன் எதுக்குப் போவான்?"

அந்த எழுத்தைக் கௌசல்யா மைனி பார்ப்பதற்கு முன்னால் தான் பார்த்துவிட வேண்டும் என்று நினைத்தான். சாவி அவனிடமே தங்கிவிட்டது. முதல் முறை போனபோது அந்த அறையிலேயே உட்கார்ந்து தேடப் பார்த்தான். லிங்கராஜின் நாற்காலியில் அவனால் உட்கார முடியவில்லை. முதுகுக்குப் பின்னால் மூச்சு விடுகிற சத்தம் கேட்டது என்றான். அதனால்தான் பெட்டியைக் கடைக்குத் தூக்கிவந்தான். நவம்பரிலிருந்தே இது நடந்துகொண்டிருக்கிறது. அப்போது எழுத்து எப்படியும் பெரிதாகவே இருந்ததால் வீட்டில் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. மகள் அதைச் சின்னதாக்கிய பிறகுதான் அவனுடைய வருகை திரையில் தெரிய ஆரம்பித்தது. தான் எடுத்துப் போவதால் அங்கே எழுத்து மாறுகிறது என்பதே அவனுக்கு இப்போதுதான் தெரியும்.

உள்ளே இரண்டாயிரத்துக்கு மேல் கோப்புகள். கண் தெரியாமல் கைபோன போக்கில் வைத்த பெயர்கள். ஆயிரத்து எழுநூறு பார்த்துவிட்டான். எல்லாம் யார் யாருடைய கல்யாணமோ, புதுமனைப் புகுவிழாவோ, பதினாறாம் நாள் காரியமோ.

தாணுமாலையன் நோட்டைப் புரட்டினார். ஒரு பக்கத்தில் விரல் நின்றது. ஒரு பெயர் திறக்கப்படாமலேயே அடிக்கப்பட்டிருந்தது. பக்கத்தில் குப்பை என்று எழுதியிருந்தது. எஃப், ஜே என்கிற இரண்டு எழுத்துகள் மட்டும் மாறி மாறி வருகிற பெயர். தெரியாமல் விசைமேல் கை பட்டு உண்டானது என்று விட்டுவிட்டதாகச் செல்வகணேஷ் சொன்னான்.

"எலிசா, நீ கீபோர்டைப் பாக்காம அடிக்கும்போது, விரலை எங்க வைக்கணும்னு எப்படித் தெரியும்?"

"எஃப்லயும் ஜேயிலயும் சின்ன மேடு இருக்கும் சார். தடவினாத் தெரியும். அங்கேர்ந்துதான் எல்லாம்..."

அவள் முடிக்கவில்லை. மூன்று பேரும் ஒரே நேரத்தில் திரையைப் பார்த்தார்கள். லிங்கராஜ் டைப் அடிக்கத் தெரியாதவர், ஒற்றை விரலால் தேடித் தேடிக் குத்துகிறவர் என்று செல்வகணேஷ் மெதுவாகச் சொன்னான். கண் போகிற மனிதர், விரலுக்கு மட்டும் தெரிகிற இரண்டு எழுத்தில் ஒரு கோப்புக்குப் பெயர் வைத்திருந்தார். எலிசாள் அதைத் திறந்தாள்.

அறுபத்துச் சொச்சம் பக்கம். முதல் பக்கங்களில் சொல்லே இல்லை. கககக, பபபப, மமமம. பிறகு அம்மா, மாமா. பிறகு ஒரே வரி இருபது தடவை: கண் போனலும் கை போகது. கண் போனாலம் கை போகாது. கண் போனாலும் கை போகாது. ஒவ்வொரு நாளும் மேலே தேதி போட்டு, கீழே அன்றைக்கு எத்தனை பிழை என்று எழுதியிருந்தார். நூற்றிப் பன்னிரண்டு. எண்பது. நாற்பத்தொன்று. பத்தொன்பது.

கடைசித் தேதி, அவர் இறந்ததற்கு முந்தின நாள். எலிசாள் வாய்விட்டுப் படித்தாள்:

"இன்று முழுப் பக்கமும் கண்ணை மூடிக்கொண்டு அடித்தேன். பிழை நாலு. நாளைக்கு பொன்முடிக்கு போகும்போது செல்வகணேஷிடம் சொல்ல வேண்டும். இனி அவன் டிசைன் பண்ணட்டும். யாராவது வாசிக்கட்டும், நான் அடிக்கிறேன். இடத்தை மாற்றிக்கொண்டால் போதும், கடை ஓடும். கௌசல்யாவிடம் இன்னும் சொல்லவில்லை. பிழையே இல்லாமல் ஒரு பக்கம் வந்தபிறகு அவளை உட்கார வைத்து அடித்துக் காட்ட வேண்டும்."

செல்வகணேஷ் மழைக்கோட்டுக் கையால் முகத்தை மூடிக்கொண்டான். முன்னறையில் டைப் அடிக்கிற சத்தம் சீராகக் கேட்டுக்கொண்டிருந்தது. மூடிய முகத்தோடே அவன் பேசினான்.

"அப்ப வழுக்கித்தான் விழுந்திருக்கான். கண்ணு தெரியாதவனைத் தனியா பாறையில விட்டுட்டு நான் பீடி பத்த வச்சிருக்கேன்."

தாணுமாலையன் நோட்டை மூடினார். பெட்டியைத் தூக்கச் சொன்னார். சாயந்திரம் நாமே கொண்டுபோய் வைப்போம் என்றார்.

*

ஐந்தரைக்குக் கௌசல்யா படியேறி வந்தாள். கொஞ்சம் ஓடித்தான் வந்திருக்க வேண்டும், மூச்சு வாங்கியது. மாடி வராந்தாவில் மூன்று பேரையும் பார்த்தாள். செல்வகணேஷின் கையில் இருந்த பெட்டியைப் பார்த்தாள். யாரும் ஒன்றும் சொல்வதற்கு முன்பே அவளுக்குப் பாதி புரிந்துவிட்டது. படியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றாள்.

"நீங்களா?"

செல்வகணேஷ் சாவியை நீட்டினான். அவள் வாங்கவில்லை. தாணுமாலையன்தான் நடந்ததை முன்னும் பின்னும் விடாமல் சொன்னார். அவள் எதையும் இடைமறிக்காமல் கேட்டாள். முடிந்ததும் செல்வகணேஷிடம் பேசினாள். குரல் உயரவில்லை.

"செவ்வாயும் வெள்ளியும் நான் ஆபீஸ்ல நாலரைக்கே எந்திரிச்சிருவேன். பஸ் கூட்டமா இருந்தா ஆட்டோ பிடிச்சு வருவேன். அவரு வந்திருப்பாருன்னு. ஆறு மாசம். அதைக் குடுத்ததும் நீங்கதான், இன்னைக்கு எடுத்துட்டுப் போறதும் நீங்கதான். உங்களை என்ன சொல்லித் திட்டணும்னே எனக்குத் தெரியல."

எலிசாள் பெட்டியை வாங்கிக்கொண்டு போய் மேஜையில் மாட்டி, அந்தக் கோப்பைத் திறந்துவைத்துவிட்டு வெளியே வந்தாள். கௌசல்யா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். வராந்தாவில் இருந்தவர்களுக்கு மழைச் சத்தம் மட்டும் கேட்டது. அரை மணி நேரம் கழித்துக் கதவு திறந்தது. கௌசல்யாவின் கண் சிவந்திருந்தது. ஆனால் அவள் வேறு எதையோ யோசித்துக்கொண்டிருந்தாள்.

போன வருஷம் ஓணத்துக்குப் பிறகு தினமும் ராத்திரி சாப்பிட்டதும் அவர் இந்த அறையில் கதவைச் சாத்திக்கொள்வார் என்று சொன்னாள். உள்ளே டொக்கு டொக்கென்று சத்தம் வரும். தன்மீது ஏதோ வெறுப்பு, அதனால்தான் பேசாமல் போய் உட்கார்ந்துகொள்கிறார் என்று நினைத்து அவளும் பேசுவதை விட்டுவிட்டாள். கடைசி இரண்டு மாதம் அப்படித்தான் போயிற்று. ஆற்றில் விழுந்த செய்தி வந்தபோது, தான் பேசாமல் இருந்ததால்தான் என்று முதலில் தோன்றியது. அதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

பிறகு செல்வகணேஷைப் பார்த்தாள்.

"அது எந்தப் பாறை?"

அவன் கையிலிருந்த சாவியை வாசற்படிமேல் வைத்தான்.

"ஞாயித்துக்கிழமை என்னைக் கூட்டிட்டுப் போய்க் காட்டுங்க. நான் பாக்கணும்."

மந்திரவாதி வர வேண்டாம் என்று அன்றைக்கே பகவதிப்பெருமாளுக்கு போன் போட்டுச் சொல்லிவிட்டாள். என்ன காரணம் என்று அவர் கேட்டபோது, கேபிள் லூசாக இருந்தது, சரிசெய்தாயிற்று என்றாள்.

*

ஞாயிற்றுக்கிழமை காலையில் நாலு பேரும் பொன்முடி பஸ்ஸில் ஏறி, கல்லாற்றுப் பாலத்தில் இறங்கினார்கள். மழை விட்டிருந்தது. ஆறு செம்மண் நிறத்தில் சத்தத்தோடு ஓடியது. கரையோரக் கடைகளில் பலாச்சுளை விற்றுக்கொண்டிருந்தார்கள். செல்வகணேஷ் முன்னால் நடந்து, மரத்தடியில் ஒரு இடத்தில் நின்றான். ஒரு பாறையைக் காட்டினான். தான் நின்ற இடத்தையும் காட்டினான். இரண்டுக்கும் நடுவே பத்தடி இருக்கும்.

பாறை கறுப்பாக, பார்ப்பதற்குக் காய்ந்தது போலத்தான் இருந்தது. அதன் மறுபக்கம் நேரே ஆழத்துக்கு இறங்கியது. தாணுமாலையன் ஒரு கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, இறங்க வேண்டாம் என்றார். கௌசல்யா செருப்பைக் கழற்றிக் கரையில் விட்டாள். எலிசாள் ஒன்றும் கேட்காமல், மீன்பிடி வள்ளத்தில் ஏறுகிறவர்களைப் பிடிக்கிற பிடியாக அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு கூடவே இறங்கினாள்.

கௌசல்யா வலது காலைப் பாறைமேல் வைத்தாள். கொஞ்சம் அழுத்தினாள். கால் சட்டென்று தண்ணீர்ப் பக்கம் இழுத்துக்கொண்டு போயிற்று. எலிசாளின் பிடி இறுகியது. கௌசல்யா நிமிர்ந்து, அதே காலை அதே இடத்தில் இன்னொரு முறை வைத்துப் பார்த்தாள். மறுபடியும் போயிற்று.

அவள் கரையிலிருந்த செல்வகணேஷைத் திரும்பிப் பார்த்தாள். எட்டு மாதத்தில் முதல் முறையாக நெஞ்சு நிறைய மூச்சு இழுத்துவிட்டாள்.

"வழுக்குது," என்றாள். "இங்க யாரு கால வச்சாலும் வழுக்கும்."